மிஸியம்மாவுக்குப் பசிக்கவில்லை

காலையில் விருந்தாளியாக வந்திருந்த வெளிநாட்டு மிஸியம்மாவுக்கு அனுப்பிய முட்டை திரும்பி வந்தது. மத்தியானம் மீன் பொரியலும் தொடாமலேயே திரும்பி வந்தபோது சோலைமலை தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கந்தப்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத் துரை பங்களாவில் அவர்தான் சமையல் கோக்கி. அவர் கைச் சமையலை இதுவரை யாரும் மிச்சம் வைத்ததே இல்லை.

நேரமும் சரியில்லை. சம்பள உயர்வு கேட்டுத் தோட்டமே வேலைநிறுத்தத்தில் இருந்தது. கொழுந்து பறிக்கும் அவர் மனைவி ராக்காயி, பங்களாவுக்குக் கீழே, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். "பங்களா அடுப்பும் அணையணும். ஸ்ட்ரைக் நேரத்துல வேலை செய்யிறவன் கருங்காலி. பத்த வச்சீங்கன்னா லயத்து வீட்டுப் பக்கமே வராதீங்க" என்று காலையிலேயே சொல்லிவிட்டாள்.

துரை வேறு மாதிரி சொன்னார். "கொழும்பிலே பிளேன்காரன் எல்லாம் ஸ்ட்ரைக். இந்த மிஸி ஊருக்குப் போக முடியாமே இங்கே நிக்குது. நீயும் ஸ்ட்ரைக் போனா வேலை இல்லே, சோலைமலை!"

சோலைமலைக்கும் சம்பளம் உயர ஆசைதான். வேலையே போய்விட்டால் எதை உயர்த்துவது? ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, புகைக்குள்ளேயே சமைத்தார். கதவருகே எட்டிப் பார்த்த ராக்காயியிடம், "அடுப்பு எரியலடி, பூச்செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டிருக்கேன்" என்றார்.

"ராத்திரி பூரா அடை மழை பெஞ்சிருக்கு, எந்தச் செடிக்குங்க தண்ணி?"

அவர் கதவையும் சாத்திக்கொண்டார்.

மீனும் திரும்பியதும், உறைப்புதான் ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று நினைத்தார். ஒரு சேவலைப் பிடித்து, மிளகாயைக் குறைத்து, வெண்ணெய் தடவி முழுசாக வாட்டினார். புகை மூச்சை முட்டவே ஜன்னலைக் கொஞ்சம் திறந்தார். அவ்வளவுதான். கோழி வாசனை சரிவில் இறங்கிப் பெரட்டுக் களத்துக்கே போய்விட்டது. பசியோடு இருந்த அத்தனை தலைகளும் பங்களாவை நோக்கித் திரும்பின.

ராக்காயி அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"பூச்செடி நல்லா வாசமா இருக்குங்க."

"ராக்காயி, நான் சொல்றதக் கேளு..."

"இனி லயத்துப் பக்கம் வந்துராதீங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

கோழியாவது மானத்தைக் காப்பாற்றும் என்று காத்திருந்தார். கோழியும் முழுசாகத் திரும்பி வந்தது. பின்னாலேயே துரையும் வந்தார்.

"மிஸி பட்டினி கிடக்குது! இது சமையலா? போ வெளியே!"

வேலையும் போயிற்று, வீடும் போயிற்று. துக்கத்தில் தட்டைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல், ராக்காயியின் காலில் விழுந்தாவது சமாதானம் செய்வோம் என்று கோழியும் கையுமாகவே களத்துக்கு இறங்கினார்.

அங்கே பெண்களுக்கு நடுவே, சாக்கில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, உறைப்பில் மூக்கில் நீர் ஒழுக ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள் மிஸியம்மா. ராக்காயி அவளுக்கு இன்னொரு ரொட்டி வைத்தாள்.

சோலைமலை கோழித் தட்டை நீட்டினார். "என் கோழி வேணாம், இந்தக் காஞ்ச ரொட்டி இனிக்குதா? அப்படி என்ன குத்தம் கண்டாங்க என் சமையல்ல?"

பக்கத்தில் நின்ற டிரைவர் அழகனுக்கு இங்கிலீஷ் தெரியும். அவன் சோலைமலையின் காதருகே குனிந்தான்.

"சமையல்ல குத்தமில்லண்ணே. மிஸியம்மா பிளேன்ல சாப்பாடு பரிமாறுறவங்களாம், அந்த ஸ்ட்ரைக்கே இவங்க பண்றதுதானாம். கருங்காலி ஆக்குனத வாயில வைக்கமாட்டாங்களாம்."