ஜன்னலோரத்துக் கடல்

"என்னங்க, உங்க குழாய்ல சின்னதா ஒரு ஓட்டை போட்டிருக்கு. நான்தான் போடச் சொன்னேன். அதை மட்டும் அடைச்சுடாதீங்க."

மனிதர் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. இரண்டு கையிலும் இரண்டு பை கடல் உப்பு. அப்படியே வாசற்படியில் நின்றுவிட்டார்.

அவர் எதையும் கேட்கவில்லை. வீட்டில் என்ன நடந்தது என்று கேட்கவில்லை. குழாய் சௌக்கியமா என்று விசாரிக்கவில்லை. கேட்காமலே பதில் வந்து விழுந்தது. அங்கேதான் அவருடைய மண்டைக்குள் மணி அடித்தது.

முப்பத்தாறு வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர் அவர். ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகிறது. சீருடைக் கோட்டைக் கழற்றி அலமாரியில் மாட்டிவிட்டார். சந்தேகத்தைத்தான் கழற்ற முடியவில்லை. அது தோலோடு ஒட்டிப் போயிருந்தது. பால் தண்ணீராக இருந்தால் "என்னத்தைக் கலந்தான்?" என்பார். கெட்டியாக இருந்தாலும் "என்னத்தைக் கலந்தான்?" என்பார். வெளியூரில் இருக்கும் மகள் போனில் "நல்லா இருக்கேம்ப்பா" என்று சொன்னால், "ஏன், என்ன ஆச்சு?" என்பார்.

அவருடைய தொழில் ரகசியம் ஒன்று உண்டு. ரகசியம் என்று பேர்தான். கல்யாணமான நாளிலிருந்து சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்காரும்போதெல்லாம் மனைவியிடம் அதைச் சொல்லியிருக்கிறார்.

"தூங்குற மாதிரி நடிக்கிறவன் ஒரு ரகம். கக்கூஸ்ல ஒளியறவன் ஒரு ரகம். இவங்களை எல்லாம் சுலபமாப் பிடிச்சுடலாம். ஆனா நான் பெட்டிக்குள்ள கால் வச்ச உடனே, கேக்காமலே டிக்கெட்டை நீட்டுறான் பாரு, அவன்தான் பெரிய கள்ளன். எடுத்துப் பாத்தா நேத்து டிக்கெட்டா இருக்கும்!"

மனைவி பரிமாறிக்கொண்டே "ம்" கொட்டுவாள். முப்பத்திரண்டு வருஷத்தில் எத்தனை "ம்" என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

இப்போது அந்த அம்மாளே கேட்காமல் டிக்கெட்டை நீட்டுகிறாள்.

சண்டை ஒரு ஜன்னலைப் பற்றியது. அந்த வீட்டின் கூடத்தில் நல்ல வெளிச்சம் வரும் ஜன்னல் ஒன்றே ஒன்றுதான். அடுக்களைப் பக்கத்து இருட்டு மூலையில், ஒரு பல்பின் அடியில் உட்கார்ந்துதான் அந்த அம்மாள் இத்தனை வருஷம் தையல் மிஷினை மிதித்தாள். பிள்ளைகளின் பள்ளிக்கூட உடுப்பெல்லாம் அங்கே தைத்ததுதான். இப்போது ஊசியில் நூல் கோக்க ஏழெட்டுத் தடவை ஆகிறது. பிள்ளைகள் தலையெடுத்ததும் மிஷினை ஜன்னலோரம் போட்டுக்கொள்ளலாம் என்று பரிசோதகரே ஒரு காலத்தில் வாக்குக் கொடுத்திருந்தார்.

ஆனால் பிள்ளைகள் போனார்கள், கடல் வந்துவிட்டது.

பவளமும் வண்ண மீனும் வளர்க்கிற கண்ணாடித் தொட்டி. ஆறடி நீளம், இரண்டடி அகலம். அதற்குள் உப்புத் தண்ணீர். தொட்டிக்கு அடியில் ஓர் அலமாரி. அந்த அலமாரிக்குள் இன்னொரு சின்னத் தொட்டி. மேலே உள்ள தண்ணீர் ஒரு குழாய் வழியாகக் கீழே இறங்கும். கீழே உள்ள மோட்டார் அதை இன்னொரு குழாய் வழியாக மேலே தள்ளும். ராத்திரி பகலாக இந்த ஏற்ற இறக்கம். எல்லாக் குழாயையும் அளந்து, அறுத்து, பசை தடவி ஒட்டியவர் பரிசோதகர் ஒருவரே. வேறு யாரையும் கிட்டே விடவில்லை.

"வாரத்துக்கு மூணு தடவை என் ரயில் கடலோரமாப் போச்சு," என்றார் மனைவியிடம். "கால் மணி நேரம் கடல். ஒரு நாளாவது திரும்பிப் பாத்திருப்பேனா? மூஞ்சி மூஞ்சியாப் பாத்துக்கிட்டே போனேன். ஜன்னல் சீட்டை எல்லாம் ஊருக்குக் குடுத்தேன். எனக்கும் ஒண்ணு வேணும்."

"எனக்கும்தானே வேணும்? குழாய் ஒழுகி, கூடமெல்லாம் ஈரமானா?"

அப்போது ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது மனிதருக்கு. பக்கத்து வீட்டில் இருந்த ஓய்வு பெற்ற ரயில் கார்டை மதில்மேல் எட்டிப் பார்த்துக் கூப்பிட்டு, சாட்சி வைத்துச் சபதம் போட்டார்.

"ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு தரையில விழுந்தாலும் தொட்டி பின்னறைக்குப் போயிடும். ஜன்னல் உனக்கு!"

"மோட்டார் நின்னாலுமா?"

"நின்னாலும்தான்! ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு, கார்டு முன்னாடி நிறுத்திக் காட்டுறேன். போதுமா?"

"போதுங்க," என்றாள் அந்த அம்மாள். அவ்வளவு சுருக்கமாக அவள் ஒத்துக்கொண்டதே பரிசோதகருக்கு அன்றைக்கு உறுத்தியது.

இப்போது இந்த ஓட்டை.

உப்புப் பையைக் கீழே வைத்தார். விசாரணை ஆரம்பமாயிற்று.

"யார் போட்டது?"

"என் தம்பி. நீங்க உப்பு வாங்கப் போயிருந்தப்ப வந்தான்."

தம்பி குழாய் வேலைக்காரன். போன வாரமே வந்து, "மாமா, மேல ஏத்துற குழாய்ல ஒண்ணு பண்ணணும்..." என்று ஆரம்பித்தான். "உங்க அக்கா அனுப்பினாளா?" என்று கேட்டு அவனை அப்போதே திருப்பி அனுப்பியிருந்தார்.

"எதுக்குப் போட்டான்?"

"மோட்டார் நின்னுட்டா, மேல ஏத்துற குழாயே தண்ணியைத் திருப்பிக் கீழ உறிஞ்ச ஆரம்பிச்சுடுமாம். இந்த ஓட்டை வழியாக் காத்து உள்ள போனா உறிஞ்சறது நின்னுடுமாம்."

"ஒழுகாம இருக்க ஓட்டை போட்டானா?"

"ஆமாங்க."

"மழைக்கு ஒழுகாம இருக்கக் கூரையில ஓட்டை போடச் சொல்லு அவனை!"

"எனக்கு என்னங்க தெரியும்? அவன் சொன்னதைச் சொன்னேன்."

பட்டப்பகலில் டார்ச்சை அடித்துக்கொண்டு குழாயை ஆராய்ந்தார். தொட்டியின் பின் விளிம்பைத் தாண்டித் தண்ணீருக்குள் ஒரு சாண் ஆழம் இறங்கியிருந்தது குழாய். தண்ணீர் மட்டத்துக்கு ஒரு விரற்கடை கீழே, மிளகளவு ஓட்டை. அதிலிருந்து மெல்லிசாகத் தண்ணீர் பீச்சிக்கொண்டிருந்தது. குற்றம் நடந்த இடத்தை நேரில் பார்த்த திருப்தி பரிசோதகருக்கு.

தொட்டிக்குள் அப்போது மீன் ஒன்றும் கிடையாது. கடல் கல் மட்டும்தான். கல் இடுக்கிலிருந்து கட்டைவிரல் நகமளவு நண்டு ஒன்று எட்டிப் பார்த்தது. அவர் வாங்காத நண்டு. கல்லுக்குள் ஒளிந்து ஓசியில் வந்தது. "டிக்கெட் இல்லாமயா ஏறின?" என்று முதல் நாளே அதனிடம் விசாரித்தாயிற்று. அது கேள்விக்குப் பதில் சொல்லாத ஜாதி.

அடைத்துவிடலாமா? கை துறுதுறுத்தது. ஆனாலும் பொறுத்தார். அனுபவசாலி, ஒரே தடவை நீட்டிய டிக்கெட்டை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டார். கவனிப்பார்.

கவனித்தார். வெள்ளிக்கிழமை கூடத்து விரிப்பைச் சுருட்டி எடுத்தாள் மனைவி.

"எதுக்கு எடுக்கற?"

"தூசியா இருக்குங்க."

பழைய துண்டுகளை எல்லாம் துவைத்துக் காயப் போட்டாள். கொடி முழுக்கத் துண்டு.

"யாருக்கு இத்தனை துண்டு?"

"அழுக்கா இருந்துச்சுங்க."

சாமி படத்துக்கு முன்னால் வழக்கத்தைவிட ரொம்ப நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

"இன்னைக்கு என்ன இவ்வளவு நேரம்?"

"உங்களுக்காகத்தாங்க." கண்ணைத் திறந்தவள், நினைவு வந்தவள்போல, "அந்த ஓட்டையை அடைச்சுடலையே?" என்றாள்.

இரண்டாவது தடவை!

அன்று சாயங்காலம் மதிலோரம் கார்டிடம் போய் வழக்கை விரித்தார்.

"யோசிச்சுப் பாரு. ஓட்டை போட்டது யாரு? அவ தம்பி. ஒழுகினா ஜன்னல் யாருக்கு? அவளுக்கு. விரிப்பை எடுத்துட்டா. துண்டைத் துவைச்சுட்டா. தண்ணி வரப்போகுதுன்னு முன்கூட்டியே தெரிஞ்சிருக்கு!"

"தங்கச்சிதான் விவரத்தைச் சொல்லிடுச்சே, அப்புறம் என்ன?"

"அதான் பாயிண்ட்! எதுக்குச் சொல்லணும்? திருடன் வந்து, 'பூட்டை உடைச்சிருக்கேன், தயவு செஞ்சு மாத்திடாதீங்க'ன்னு சொன்னா, அப்படியே விட்டுடுவியா?"

கார்டு யோசித்தார். "ஒருவேளை உண்மையா இருந்தா?"

"முப்பத்தாறு வருஷ சர்வீஸ்ல," என்றார் பரிசோதகர், "கேக்காம நீட்டின டிக்கெட் ஒண்ணுகூட ஒழுங்கா இருந்ததில்லை."

சனிக்கிழமை கடைக்குக் கிளம்பிய மனைவி வாசல்வரை போனாள். செருப்பை மாட்டினாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு வேலை மெனக்கெட்டு உள்ளே வந்தாள்.

"என்னங்க, நான் சொன்னது ஞாபகம் இருக்கில்ல? அந்த ஓட்டை..."

"இருக்கு, இருக்கு. நீ போயிட்டு வா."

மூன்று! அவள் தெருமுனை திரும்பும்வரை ஜன்னலில் நின்று பார்த்தார். பிறகு தண்ணீருக்குள்ளேயே இறுகுகிற வெள்ளைப் பசையை எடுத்து மாவு பிசைகிற மாதிரி பிசைந்தார். முழங்கை நனையத் தொட்டிக்குள் கையை விட்டு, மிளகளவு ஓட்டைக்கு நெல்லிக்காய் அளவு பசையை வைத்து அழுத்தினார். நண்டு எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது.

மனைவி திரும்பி வந்தாள். அவருடைய விரலிடுக்கில் காய்ந்திருந்த வெள்ளைப் பசையைப் பார்த்தாள். ஈரச் சட்டைக் கையையும் பார்த்தாள். பையோடு அடுக்களைக்குப் போனாள். அன்றைக்கு முழுக்க ஓட்டையைப் பற்றி மூச்சே விடவில்லை.

அதில் மட்டும் பரிசோதகருக்குச் சந்தேகம் வரவில்லை. கேட்காமல் எதையும் நீட்டவில்லையே!

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி. கார்டு தன் பழைய விசிலோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பரிசோதகர் துவைத்து இஸ்திரி போட்ட சட்டையில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மனைவி அடுக்களை வாசலில் நின்றாள்.

"அண்ணே, அஞ்சு நிமிஷம் நிறுத்தினாப் போதும்," என்றாள் கார்டிடம்.

"பத்து நிமிஷம்!" என்றார் பரிசோதகர்.

கார்டு விசில் ஊதினார். பரிசோதகர் ஸ்விட்சை அணைத்தார். மோட்டார் நின்றது. வீடே நிசப்தமாயிற்று. ஒரு சொட்டு இல்லை.

"பாத்தியா?" என்று திரும்பினார் பரிசோதகர்.

அப்போது குழாய்க்குள் "களக்" என்றது. பிறகு "களக் களக்".

"ஏம்ப்பா," என்றார் கார்டு, "மேல தண்ணி குறையற மாதிரி இருக்கே?"

"அது... கொஞ்சம் குறையும். நின்னுடும்."

"எங்கே போகுது?"

எங்கே போகிறது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அடியில் இருந்த அலமாரிக் கதவின் கீழிடுக்கிலிருந்து பளபளவென்று ஒரு நாக்கு நீண்டு வெளியே வந்தது. வந்த நாக்கு அகலமாயிற்று. பரிசோதகரின் கால் கட்டைவிரலை நக்கியது. கார்டு காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டார். பரிசோதகர் குனிந்து அலமாரிக் கதவைத் திறந்தார். திறந்திருக்கக் கூடாது. சின்னத் தொட்டி பெரிய தொட்டியின் பாரத்தைத் தாங்க முடியாமல் நாலு பக்கமும் வழிந்துகொண்டிருந்தது. முப்பத்தாறு வருஷமாகத் திரும்பிப் பார்க்காத கடல், அவரைப் பார்க்க நேரில் வந்துவிட்டது.

"மோட்டாரைப் போடுறேன்!"

"ஈரக் கையோட ஸ்விட்சைத் தொடாதீங்க!" என்று பதறி ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள் மனைவி. இந்தப் பதற்றத்தில் கலப்படம் இல்லை.

குழாயின் வாய் தண்ணீருக்கு மேலே வந்தபோதுதான் உறிஞ்சுவது நின்றது. மேல் தொட்டியில் ஒரு சாண் குறைந்திருந்தது. அந்த ஒரு சாண் இப்போது கூடத்தில் இருந்தது.

துண்டுகள் வந்தன. மடித்து, அடுக்கி, தயாராக இருந்த துண்டுகள். கார்டு நாற்காலியில் இருந்தபடியே இன்னொரு தடவை விசில் ஊதினார். தீர்ப்பு என்று அர்த்தம்.

வாசலில் குரல் கேட்டது. "அக்கா! பதினொண்ணரைக்கு வரச் சொன்னீங்களே, தூக்குறதுக்கு நாலு ஆளும் கூட்டியாந்திருக்கேன்."

பரிசோதகர் மைத்துனனைப் பார்த்தார். மைத்துனன் குழாயில் இருந்த வெள்ளை உருண்டையைப் பார்த்தான்.

"யாரு மாமா இதை அடைச்சது?"

மாமா கூரையைப் பார்த்தார்.

"பரவாயில்ல மாமா," என்றான் தம்பி. "பின்னறைதான் இதுக்கு நல்லது. ஜன்னல் வெயில் பட்டா ஒரே மாசத்துல தொட்டி பச்சைப் பாசியாயிடும்." பசையைக் கெல்லி எடுத்துவிட்டு ஓட்டையை மறுபடி திறந்தான்.

மறுநாள் பின்னறையில் கடல் மறுபடி ஓடியது. தொட்டிக்கு எதிரே அவருடைய சாய்வு நாற்காலியை யாரோ முன்னதாகவே துடைத்துப் போட்டிருந்தார்கள். நண்டு கல்மேல் வந்து உட்கார்ந்து வெளிச்சம் காய்ந்தது. மோட்டாரை நிறுத்திப் பார்த்தார். ஒரு விரற்கடை குறைந்து, ஓட்டைக்குள் காற்று "சுர்ர்" என்று புகுந்து, தண்ணீர் அப்படியே நின்றது. மறுபடி போட்டார். மறுபடி நிறுத்தினார். அதே "சுர்ர்".

எழுந்து கூடத்துக்கு வந்தார். ஜன்னலோரத்தில் மிஷின். முகத்தில் வெயில் விழ, அந்த அம்மாள் ஊசியில் நூல் கோத்தாள். ஒரே தடவையில் போயிற்று.

"ஏம்மா," என்றார். "நீ சொன்னது அத்தனையும் உண்மைதானா?"

"உண்மைதாங்க. நான் என்னைக்குப் பொய் சொன்னேன்?"

"உண்மைன்னா ஒரு தடவை சொன்னாப் போதாதா? எதுக்கு மூணு தடவை வந்து வந்து சொன்ன?"

அந்த அம்மாள் துணியை ஊசிக்கு அடியில் வைத்து, நேராக்கி, மிதியில் காலை வைத்தாள்.

"முதல் ரெண்டு தடவை சொல்லியும் நீங்க அடைக்கலையேங்க!"