குப்புவின் அப்பாவுக்குக் கால் உண்டா?

ஒரு காட்டில், அதுவும் சிக்னல் கிடைக்கிற பாதியில், கோமளம் என்று ஒரு பல்லி இருந்தாள். காட்டுத் தொலைக்காட்சியில் தினமும் மாலை ஐந்தரைக்கு வரும் 'குட்டி மனுசன் குப்பு' என்ற கார்ட்டூன் தொடரை வரைகிறவள் அவள்தான். மனிதர்கள் பேசுகிற கதை என்றால் குட்டிகளுக்கு அப்படியொரு கொண்டாட்டம். "மனுசங்க நெசமாவே பேசுவாங்களாம்மா?" என்று கேட்கும். "அதெல்லாம் கற்பனைடா கண்ணு, நீ சாப்பிடு" என்று தாய்மார்கள் ஊட்டிவிடுவார்கள்.

தொடரில் குப்புவுக்குக் கால் உண்டு. குப்புவின் அப்பாவுக்குக் கிடையாது. இடுப்புக்குக் கீழே அவருக்கு ஒரு மர மேசை. கடைக்குப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும் மேசையோடுதான் போவார்.

இதில் கோமளத்தின் தப்பு ஒன்றுமில்லை. அவள் பிறந்து வளர்ந்தது காட்டோரத்து அரசாங்க அலுவலகம் ஒன்றின் கூரையில். அங்கே ஒரு குமாஸ்தா இருந்தார். சன்னலுக்கு வெளியே வரிசையில் நின்றவர்கள் கெஞ்சினார்கள், கும்பிட்டார்கள், சாபம்கூட விட்டார்கள். அவர் எழுந்து கோமளம் பார்த்ததே இல்லை. எதிர்ச் சுவரில் தொங்கிய காலண்டர் படத்தில் மட்டும் ஒரு குழந்தை தவழ்ந்துகொண்டிருந்தது. அதற்கு இரண்டு கால். தவளைக்கு வால் உதிர்கிற மாதிரி, வளர்ந்ததும் மனிதர்களுக்குக் கால் உதிர்ந்து மேசை முளைக்கும்போலிருக்கிறது என்று அவளாக ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். யாரையும் கேட்கவில்லை. கலைஞர்கள் கேட்பதில்லை.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, கீரி பரஞ்சோதி வாய் திறக்கிற வரைக்கும். வேலைவெட்டி இல்லாதவன். கையில் ஒரு செல்போன், 'தோண்டிப் பார்' என்று ஒரு சேனல்.

"மக்களே, அது மேசை இல்ல, சவப்பெட்டி!" என்றான். "அப்பா முதல் பாகத்துலயே செத்துட்டாரு. குப்பு அழுதுகிட்டே தூங்கிட்டான். நீங்க மூணு வருசமா பாக்கிறது அவன் கனவு!"

காடே இடிந்துபோனது. கரடிக்குட்டி பால் குடிப்பதை நிறுத்திவிட்டு, மேசை போல எதைக் கண்டாலும் "அப்பா!" என்று கட்டிக்கொண்டு அழுதது. மரத்தடிப் பலகைகளை எல்லாம் ஒளித்து வைக்கவேண்டியதாயிற்று.

நிலையத் தலைவர் ஐராவதம் என்ற யானை, கோமளத்தைத் தன் கொட்டகைக்குக் கூப்பிட்டார்.

"நாப்பத்தேழு புகார் வந்திருக்கும்மா. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள இந்தப் புரளி அடங்கணும். இல்லேன்னா தொடரை நிறுத்திடுவேன்."

கோமளம் தன் வாலைப் பார்த்துக்கொண்டாள். வால் போனால் முளைக்கும். குப்பு போனால்?

"நான் மறுத்துடறேங்க ஐயா" என்றாள்.

மறுப்பதற்கும் ஒரு படிவம் இருந்தது. வரிசையில் நான்கு மணி நேரம் நின்று வாங்கினாள். 'இறந்தவர் உயிரோடு இருப்பதாகக் கூறினால், அதற்கு இறந்தவரின் கையொப்பம் தேவை' என்று போட்டிருந்தது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, புகாரோடு எல்லோரும் கூடியிருந்த ஐராவதத்தின் கொட்டகைக்கே வந்து, உத்தரத்தில் ஏறி, தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

"ச்சு ச்சு. கேளுங்க. குப்புவோட அப்பா சாகலை."

பரஞ்சோதி சட்டென்று ஒரு தினசரிக் காலண்டரின் பின்னட்டையைத் தூக்கிப் பிடித்தான். அதில் பல்லி சொல்லும் பலனும் பல்லி விழும் பலனும் அச்சடித்திருந்தன.

"வடமேற்கு மூலை! வடமேற்குல பல்லி சொன்னா 'துக்கச் செய்தி உறுதி'ன்னு போட்டிருக்கு. அவங்களே ஒத்துக்கிட்டாங்க!"

"ஐயோ, நான் சாகலைன்னுதானே சொன்னேன்!"

"நீங்க என்ன சொன்னீங்கன்னு யாரு கேட்டா? எங்கிருந்து சொன்னீங்க, அதானே கணக்கு?"

கூட்டம் ஆமாம் போட்டது. கோமளம் தெற்குக்கு ஓடினாள். "சாகலை!" தெற்கு என்றால் 'நெருங்கியவர் பிரிவு'. கிழக்குக்கு ஓடினாள். கிழக்கு என்றால் 'பயம்'. கரடிக்குட்டி வீறிட்டது. வெளியே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. யானை காதை ஆட்டியபடி மணியைப் பார்த்தார். ஓடி ஓடிக் களைத்து, கண்ணில் நீர் முட்ட, நடு உத்தரத்தில் கோமளம் பிடி நழுவிக் கீழே விழுந்தாள்.

விழுந்தது பரஞ்சோதியின் வாலில்.

"பலன் சொல்லுப்பா!" என்று கூட்டம் கத்தியது.

பரஞ்சோதி அட்டையில் விரலை ஓட்டினான். தலை, நெற்றி, மூக்கு, தோள், முதுகு, தொடை, கணுக்கால், நகம். திரும்ப மேலிருந்து ஓட்டினான். மனிதர்கள் தங்களுக்காக அச்சடித்துக்கொண்ட அட்டை அது. அதில் வால் இல்லை.

"வாலுக்கு... ஒண்ணும் போடலையே" என்றான். அட்டையைத் திருப்பி மறுபக்கத்திலும் தேடினான்.

அந்த இடைவெளியில் கோமளம் மடமடவென்று கொட்டிவிட்டாள். "அது வெறும் மேசைதான். வளந்த மனுசனோட காலை நான் பாத்ததில்ல. நான் பாத்த குமாஸ்தா எழுந்திரிக்கவே மாட்டாரு. தெரியாம வரைஞ்சேன், மன்னிச்சிடுங்க. அப்பா நல்லா இருக்காரு."

ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள். நம்பிவிட்டார்கள்! கரடிக்குட்டி அழுகையை நிறுத்திவிட்டு ஒரு குடம் பாலையும் குடித்து முடித்து ஏப்பம் விட்டது. கோமளத்துக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

"அப்ப அவரு சும்மா உக்காந்துதான் இருக்காரா?" என்று கேட்டது குட்டி.

"ஆமாண்டா செல்லம்."

"ச்சே, போரு. வாம்மா போலாம்."

மான் எழுந்தது. முயல்கள் எழுந்தன. பரஞ்சோதி அட்டையைச் சுருட்டிக்கொண்டு, பக்கத்துக் காட்டுச் சமையல் நிகழ்ச்சியில் ஏதோ மர்மம் இருப்பதாகச் சொல்லிக்கொண்டே நடந்தான். கூட்டம் அவன் பின்னால் போனது.

"புகார் அடங்கிடுச்சும்மா" என்றார் ஐராவதம். "பாக்கிறதுக்குத்தான் ஆளில்ல. நாளையிலேருந்து அந்த நேரத்துக்கு வானிலை போட்டுக்கறேன்."

உண்மை ஜெயித்துவிட்டது. குப்பு செத்துக்கொண்டிருந்தான். கோமளம் விறுவிறுவென்று சுவரில் ஏறினாள். திசை எல்லாம் பார்க்கவில்லை.

"ச்சு ச்சு" என்றாள். "அப்பா இருக்காரு, சரி. மூணு வருசமா பாக்கறீங்களே, குப்புவோட அம்மா எங்கேன்னு ஒருத்தராவது கேட்டீங்களா?"

அந்த அலுவலகத்தில் குமாஸ்தா மட்டும்தான் இருந்தார். அதனால் அம்மாவை வரையவேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. ஆனால் அதை இந்தத் தடவை அவள் சொல்லவில்லை.

வாசல் வரை போன கூட்டம் நின்றது. கரடிக்குட்டியின் உதடு பிதுங்கியது. பரஞ்சோதி சுருட்டிய அட்டையை மறுபடியும் பிரித்தான்.

"வானிலை வேண்டாம்" என்றார் யானை.

நீதி: உண்மையைச் சொல்லுங்கள், ஆனால் கேட்க வந்தவர்களை வெறும் உண்மையோடு வீட்டுக்கு அனுப்பாதீர்கள். கையோடு ஒரு சந்தேகத்தையும் கட்டிக் கொடுத்து அனுப்புவதுதான் மரியாதை.