சமநீதி படிக்கும் சார்

மழை பிடித்துவிட்டால் நம் மலையில் தேயிலை தளிர்க்கும், ஏலம் காய்க்கும், கால்விரல் இடுக்கில் அட்டை ஏறும். சில வருஷங்களாக நான்காவதாக ஒன்றும் செழிக்கிறது. அதன் பெயர் சமநீதி படிக்கிறவர். ஆசிரியர்களில் இந்த இனம் உண்டு, ஏழைப் பிள்ளைகளுக்காக மேடை மேடையாகத் தொண்டை கட்டிக்கொள்கிறவர்களிலும் உண்டு. எல்லாப் பிள்ளைக்கும் கல்வி நியாயமாகக் கிடைப்பது எப்படி என்று சனி ஞாயிறுகளில் இரண்டு வருஷம் படித்து முதுகலைப் பட்டம் வாங்குவார்கள். படிப்பதில் என்ன தப்பு? ஒன்றுமில்லை. படிக்கப் போனவர் வகுப்புக்குத் திரும்பி வந்தாரா என்பதுதான் சந்தேகம்.

கேரளத்து வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு எஸ்டேட் பள்ளியில் தமிழ் மீடியம் பத்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கும் ஈஸ்வரன் சாரை இந்த இனத்தின் நல்ல மாதிரி என்று எடுத்துக்கொள்ளலாம். பட்டப்படிப்பில் சேர்வதற்கு முன் அவர் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். சேர்ந்த பிறகு ‘கற்றல் வெளியைத் திறந்துவிட’ ஆரம்பித்தார். பெஞ்சுகளை வரிசையாகப் போடுவது அதிகாரத்தின் அடையாளம் என்று அவற்றை வட்டமாகப் போட்டார்; அதனால் பாதிப் பிள்ளைகள் கரும்பலகைக்கு முதுகு காட்டி உட்கார்ந்து கழுத்து வலியோடு வீட்டுக்குப் போனார்கள். உயரமான பிள்ளைக்கும் குட்டையான பிள்ளைக்கும் வேறு வேறு அளவுப் பெட்டி போட்டு வேலிக்கு அப்பால் பார்க்க வைக்கும் படம் ஒன்று உண்டே, அதைப் பெரிதாக அச்சடித்துக் கரும்பலகையின் பாதியை மறைத்து மாட்டினார். எந்தக் கூட்டத்தில் எழுந்தாலும் அவருடைய முதல் வாக்கியம் ஒன்றுதான். “நானும் லயத்தில பொறந்தவன்தான்.” பிறந்தது உண்மை. ஆனால் தொழிலாளர் குடியிருக்கும் அந்த லயத்து வாசலை அவர் மிதித்துப் பதினோரு வருஷமாகிறது.

அவருக்கு ஓர் ஆய்வேடு எழுத வேண்டியிருந்தது. வாய்ப்பு மறுக்கப்பட்ட ஒரு மாணவியின் குடும்பம் வேண்டும் என்று வழிகாட்டிப் பேராசிரியை சொல்லியிருந்தார். தேடப் போக வேண்டிய அவசியமே இல்லாமல், மே மாதம் ஒரு நாள் மதியம் அழகுத்தாய் தானாகவே ஆசிரியர் அறைக்கு வந்து நின்றாள்.

கொழுந்து பறிக்கிறவள். அன்றைக்குச் சூப்பர்வைசரிடம் கெஞ்சி இரண்டு மணி நேரம் வாங்கி வந்திருந்தாள். மகள் யோகப்பிரியா ஏழு பாடத்தில் ஏ பிளஸ் வாங்கித் தேறியிருந்தாள். அவளுக்குக் காமர்ஸ் வேண்டும். காமர்ஸைத் தமிழிலும் சொல்லிக்கொடுக்கிற பள்ளி பக்கத்தில் ஒன்றே ஒன்றுதான். அது தவறினால் இரண்டு பஸ் மாறித் தூரத்துக்குப் போக வேண்டும், பாடமும் மலையாளத்தில்தான். மலையில் அபேக்ஷை என்று சொல்லும் விண்ணப்பத்துக்கு இன்னும் நாலு நாள் இருந்தது.

“சார், பிரியாவுக்குப் பிளஸ் ஒன் அபேக்ஷை எழுதித் தரணும். கம்ப்யூட்டர்ல போட்டுத் தர்ற அக்ஷயா சென்டருக்குப் போலாமான்னு கேட்டா. சார் இருக்கும்போது அங்க எதுக்குன்னு நான்தான் சொன்னேன்.”

ஈஸ்வரன் சார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பெண் தொழிலாளி, மொழிச் சிறுபான்மை, முதல் தலைமுறையாகப் பத்தாம் வகுப்பு தாண்டிய மகள். மனிதர் உருகிவிட்டார்.

“எழுதிரலாம்மா, எழுதிரலாம். முதல்ல உக்காருங்க. அதுக்கு முன்னாடி சின்னதா ஒரு வேலை” என்று இழுப்பறையிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்தார். மேலே இருந்தது ஆய்வில் பங்கேற்கச் சம்மதம் தெரிவிக்கும் பத்திரம். கீழே நாற்பத்திரண்டு கேள்விகள்.

அழகுத்தாய்க்கு அது சின்ன வேலையாகத் தெரியவில்லை, தான் கேட்டு வந்த வேலையாகவே தெரிந்தது. தெரியாதா பின்னே? மகள் பெயர் கேட்டார், பிறந்த தேதி கேட்டார், ஜாதி கேட்டார், வருமானம் கேட்டார், ரேஷன் கார்டின் நிறம் கேட்டார், மதிப்பெண் தாளை வாங்கிப் பார்த்து எழுதிக்கொண்டார். ஒரு அபேக்ஷையில் வேறு என்னதான் கேட்பார்கள்?

“ஒப்பு எங்க சார் போடணும்?”

“இங்க. அப்புறம் இங்க. கடைசிப் பக்கத்துலயும் ஒண்ணு.”

மூன்று இடத்திலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். பங்கேற்பவருக்கான நகலைக் கொடுத்தார். அதை நாலாக மடித்து ஜவுளிக்கடைக் கவருக்குள் பத்திரமாக வைத்தாள்.

முப்பத்தெட்டாவது கேள்வி, மேல்படிப்புக்கு விண்ணப்பித்துவிட்டீர்களா என்பது.

“அதான் நீங்க எழுதிக்கிட்டிருக்கீகளே சார்” என்றாள் அழகுத்தாய்.

பேனா நின்றது. ஈஸ்வரன் சாருக்கு விஷயம் புரிந்துவிட்டது. புரியவில்லை என்று சொல்லி அவரைத் தப்பவிட மாட்டேன், நன்றாகவே புரிந்தது. ஆனால் பேட்டியின் நடுவே பதில் சொல்பவரின் நம்பிக்கையைக் கலைக்கக் கூடாது என்று இரண்டாம் பருவத்தில் ஒரு பாடம் படித்திருந்தார். அதோடு அந்த வாக்கியம் அவ்வளவு அழகாக இருந்தது. மேற்கோள் குறிக்குள் எழுத்துப் பிசகாமல் எழுதி, ஓரத்தில் ‘நிறுவனத்தின் மேல் நம்பிக்கை’ என்று குறித்தார். நாற்பத்திரண்டும் முடியட்டும், சொல்லிவிடலாம் என்று நினைத்தார். நாற்பத்தொன்றில் வழிகாட்டிப் பேராசிரியையின் போன் வந்தது. ரேஞ்சு நன்றாகக் கிடைப்பது தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்தான். அங்கே போய், நம்பிக்கை என்பதைத் தனி அத்தியாயமாக எழுதலாமா என்று இருபது நிமிஷம் கலந்து பேசிவிட்டு வந்தபோது, கொழுந்து நிறுக்கிற நேரமாகிவிட்டதென்று அழகுத்தாய் போய்விட்டிருந்தாள். மேஜை மேல் நாலு சௌசௌக்காய் இருந்தது. அவள் லயத்துப் பந்தலில் காய்த்தது.

அன்றிரவே கூட்டு வைத்துச் சாப்பிட்டார். நறுக்கும்போது விண்ணப்பம் ஞாபகம் வந்தது. நாளைக்குச் சொல்லியனுப்பலாம் என்று வைத்துவிட்டார். பிறகு ஞாபகம் வந்தது கடைசி நாள் மதியம். அப்போது அவருக்கு இணையவழிக் கருத்தரங்கு இருந்தது. கடைசிப் பிள்ளையையும் கைவிடாதிருப்பது எப்படி என்ற தலைப்பில் அவர்தான் பேச்சாளர். பேச்சு நன்றாக அமைந்தது. அது முடிவதற்குள் விண்ணப்பத் தளம் மூடிவிட்டது.

ஜூனில் முதல் அலாட்மெண்ட் பட்டியல் வந்தது. மறுநாள் தாயும் மகளும் ஆசிரியர் அறைக்கு வந்தார்கள்.

“லிஸ்ட்டுல பேரு இல்ல சார்.”

ஈஸ்வரன் சார் மேஜை மேலிருந்த காகிதங்களை அடுக்கினார். “அது வேற பேப்பரும்மா. நான் எழுதுனது ஆய்வுக்கு.”

“ரேஷன் கார்டு கேட்டீக. வருமானம் கேட்டீக. மூணு ஒப்பு வாங்குனீக.”

“நீங்க மட்டும் இல்ல, இங்க ஆயிரம் குடும்பத்துக்கு இதான் நிலைமை. தனி ஒரு ஆளைக் குறை சொல்ல முடியாதும்மா. இது அமைப்போட தோல்வி.”

“அமைப்புக்கு நான் சௌசௌக்காய் கொடுக்கல சார். ஒங்களுக்குத்தான் கொடுத்தேன்.”

யோகப்பிரியா நாலாக மடித்திருந்த காகிதத்தைப் பிரித்தாள். அபேக்ஷையின் நகல் என்று அழகுத்தாய் அதை ஒரு மாதமாகச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தாள். மகள் அதை முந்தின நாள்தான் எடுத்து வாசித்திருந்தாள்.

“பங்கேற்பவர் எப்ப வேணும்னாலும் விலகிக்கிடலாம்னு இதுல போட்டிருக்கு சார். காரணம் சொல்ல வேண்டியதில்லையாம். கொடுத்த விவரத்தையெல்லாம் அழிச்சிரணுமாம். நாங்க விலகிக்கிடுறோம்.”

ஈஸ்வரன் சாருக்கு அப்போதுதான் உண்மையாகவே கவலை வந்தது. அந்தப் பெண்ணுடைய ஒரு வருஷத்துக்காக அல்ல, தன் நான்காம் அத்தியாயத்துக்காக. முப்பத்திரண்டு பக்கம் எழுதி முடித்திருந்தார்.

“என்ன அவசரம் பிரியா? நிதானமா யோசிச்சுச் சொல்லு.”

“அவசரமே இல்ல சார். இதுக்குக் கடைசித் தேதி போடல.”

போய்விட்டார்கள். எப்படிப்பட்ட அடி. வேறு யாராவது என்றால் நாலு நாள் சோறு இறங்காது. இவரோ ஒரு வாரத்தில் எழுந்துவிட்டார். நாற்பத்திரண்டு பதில்களையும் நேர்மையாகக் கிழித்துப் போட்டார். பெயர் சொல்லாமல், ஊர் சொல்லாமல், ஒரு மாணவி ஆய்விலிருந்து விலகிய அந்தக் காட்சியை மட்டும் எடுத்துக்கொண்டு, ‘விலகல் என்னும் எதிர்ப்புக் குரல்’ என்று புதிதாக ஒரு நான்காம் அத்தியாயம் எழுதினார். வழிகாட்டிப் பேராசிரியை அதை வாசித்துவிட்டுக் கண் கலங்கினாராம். வாய்மொழித் தேர்வில் கைதட்டல். வகுப்பில் முதலிடம். பள்ளியில் பொன்னாடை, லட்டு, தலைமையாசிரியரின் இருபது நிமிஷப் பாராட்டு. அடுத்து முனைவர் பட்டத்துக்கும் பதிந்துவிட்டார். சக்குபள்ளத்து ஏலத்தோட்டங்களில் களப்பணி என்று கேள்வி. நகல் கொடுக்கும் வழக்கத்தை இந்த முறை நிறுத்திவிட்டார்.

இதுவரை வாசித்து உதட்டைப் பிதுக்கியிருப்பீர்கள். இப்படியும் ஒரு மனிதனா என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லியும் இருப்பீர்கள். நல்லது. பொன்னாடை வரைக்கும் கேட்டுக்கொண்டு வந்தீர்களே, யோகப்பிரியாவுக்கு எங்கே இடம் கிடைத்தது என்று கேட்டீர்களா? துணைப் பட்டியலில் கிடைத்தது. அவளே அக்ஷயாவுக்குப் போய் விண்ணப்பித்தாள். காமர்ஸ் இல்லை, தமிழும் இல்லை. இருட்டோடு எழுந்து இரண்டு பஸ் மாறிப் போகிறாள்.

ஐயோ பாவம் என்கிறீர்களா? சாரும் அதைத்தான் சொன்னார், கொஞ்சம் நீளமாக. நீங்களும் எங்கோ ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவராக இருந்தால், மேஜை மேல் யாராவது சௌசௌக்காய் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்களா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.