ஆட்சேபணை அக்கா போட்ட ஓட்டு

எங்கள் ஒன்றிய அலுவலகத்தில் எந்தத் தீர்மானத்தையும் எதிர்க்காமல் விட்டதில்லை என்ற பெருமை ஆட்சேபணை அக்கா ஒருவருக்கே உண்டு. இரங்கல் தீர்மானத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

முன்னாள் உறுப்பினர் ஒருவர் காலமானபோது, 'நேர்மையாளர், எளிமையானவர்' என்று நான் தயாரித்திருந்த தீர்மானத்தை வாசித்தேன். எல்லோரும் எழுந்து தலைகுனிந்து நின்றார்கள். அக்காவும் நின்றார். நின்றபடியே கையைத் தூக்கினார்.

"செத்தது நெசம். அதுக்குத்தேன் எந்திரிச்சு நிக்கிறேன். நேர்மைங்கிறதுக்கு எனக்கு ஒப்பு இல்ல. தம்பி, எழுதிட்டீகளா?"

எழுதினேன். கூட்டக் குறிப்பு எழுதுவதுதான் என் வேலை.

அக்காவுக்கு ராயப்பன்பட்டிப் பக்கம் ஒரு சிற்றூர். அங்கே பன்னீர் திராட்சைத் தோட்டம் வைத்திருந்தார். எந்தக் கட்சியிலும் சேராமல் நின்று ஜெயித்த சுயேச்சைக் கவுன்சிலர். அப்போதைய தலைவரிடம் பதினைந்து பேரில் பன்னிரண்டு பேர் இருந்ததால், அக்கா கையைத் தூக்கியதும் சிரித்துக்கொண்டே அடுத்த தீர்மானத்துக்குப் போய்விடுவார்.

இத்தனை ஆட்சேபணைக்கு நடுவில் அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான். அவர் ஊருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் ஓடும் ஓடைக்கு ஒரு பாலம்.

"மழை பிடிச்சிருச்சுன்னா எங்க ஊருப் பிள்ளைக பள்ளிக்கூடத்தைக் கரையில நின்னு பாத்துட்டுத் திரும்புதுக" என்பார். தலைவர், "பரிசீலிப்போம்க்கா" என்பார். ஐந்து வருடம் பரிசீலித்தார்.

அடுத்த தேர்தல் வந்தது. பழைய தலைவர் அணிக்கு ஏழு கவுன்சிலர்கள், எதிரணிக்கு ஏழு. மிச்சம் ஒன்று அக்கா. கவுன்சிலர்கள் கூடித்தான் தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டு அணிக்காரர்களும் தங்கள் ஏழு பேரை வேன் ஏற்றிக் குமுளி தாண்டிக் கொண்டுபோய் விடுதியில் பத்திரப்படுத்தினார்கள். பிறகு இரண்டு கார்கள் ஒரே காலையில் அக்காவின் தோட்டத்துக்குப் போய் நின்றன.

தோட்டத்தில் அறுவடை நடந்துகொண்டிருந்தது.

"இப்ப வரமுடியாது. மழை விழுந்தா பழம் வெடிச்சிரும். ஒங்க தலைவருக வந்து வெட்டுவாகளா?" என்று கேட்டார் அக்கா.

ஒரு காரைக் கிளப்பினால் மற்ற கார்க்காரர்கள் அக்காவைக் கொத்திக்கொண்டு போய்விடுவார்களே என்று இரண்டு தரப்பும் அங்கேயே நின்றன. அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. "ஓட்டுக் கேக்க வந்தவுக சும்மா நின்னா எனக்குக் கூச்சமா இருக்கு" என்று ஆளுக்கொரு கத்திரிக்கோலைக் கொடுத்துவிட்டார்.

தேர்தல் அறிவிப்பைக் கொடுப்பதற்காக மூன்றாம் நாள் நான் போனபோது, பந்தலுக்கடியில் இரண்டு கட்சி வெள்ளைச் சட்டைகளும் ஊதாக் கறையோடு குனிந்து குனிந்து நடந்துகொண்டிருந்தன. பழைய தலைவரின் ஆள் ஒருவர் எதிரணிக்காரரை அதட்டிக்கொண்டிருந்தார்: "காம்பு விட்டு வெட்டுய்யா! குலை உதிருதுல்ல!"

தேர்தலன்று அக்கா டவுன் பஸ்ஸில் தனியாக வந்து இறங்கினார். சீட்டுகளை எண்ணினார்கள். எட்டுக்கு ஏழு. எதிரணி வென்றது. வெளியே வெடி வெடித்தது.

பழைய தலைவர் வராந்தாவில் அக்காவை மறித்தார். முகம் கறுத்திருந்தது.

"பாலம் கட்டித் தாரேன்னு தோட்டத்துக்கே ஆளு விட்டுச் சொன்னேனேக்கா?"

"அஞ்சு வருசம் ஒங்க கையிலதான இருந்துச்சு? அன்னைக்குக் கட்டியிருக்கலாம்ல. இவுகளும் கட்டலைன்னா இவுகளையும் இறக்கத்தேன் செய்வேன்."

அவர் அலுவலகக் காரின் சாவியை மேசையில் வைத்துவிட்டு, யாருடைய பைக்கிலோ பின்னால் உட்கார்ந்து வீட்டுக்குப் போனார்.

புதிய தலைவர் நன்றி மறக்கவில்லை. முதல் கூட்டத்தில் முதல் தீர்மானமே பாலம். நான் வாசித்து முடித்தேன். எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா கையைத் தூக்கினார்.

புதிய தலைவர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "அக்கா, இது ஒங்க பாலம்!"

"பாலம் எங்களுதுதேன். அகலத்துக்கு எனக்கு ஒப்பு இல்ல. இதுல பிள்ளைக போகும், டிராக்டர் போகாது. ரெண்டடி கூட்டச் சொல்லுங்க."

பொறியாளர் வரைபடத்தை விரித்தார். கூட்டிக் கழித்துப் பார்த்தார். தலையைச் சொறிந்தார். அப்போது, சாதாரண உறுப்பினராகக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த பழைய தலைவர் கனைத்துக்கொண்டு எழுந்தார்.

"அக்கா சொல்றது சரிதேன். நானும் ஆட்சேபிக்கிறேன்."

அக்கா திரும்பி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என்னிடம், "தம்பி, அவுக பேரையும் எழுதிக்கங்க" என்றார்.

பாலம் இரண்டடி அகலம் கூடி வந்தது. அதற்குள் எனக்கு வேறு ஒன்றியத்துக்கு மாறுதல் வந்துவிட்டது. சென்ற மழைக்காலத்தில் வேறு ஏதோ வேலையாக அந்த வழியே பஸ்ஸில் போனேன். ஓடையில் செந்நிறமாக வெள்ளம். மேலே, புத்தகப்பைகளோடு பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். பாலத்தின் மறுமுனையில், குடையை மடக்கிக் கைப்பிடிச் சுவரைத் தட்டிக் காட்டியபடி அக்கா ஒப்பந்ததாரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

நான் இறங்க வேண்டிய ஊர் இன்னும் மூன்று நிறுத்தம் தள்ளி இருந்தது. அக்காவின் ஆட்சேபணை என்னவென்று கேட்கப் பாலத்தருகிலேயே இறங்கிவிட்டேன்.