லிட்டருக்கு ஐந்து

லாரியின் நெற்றியிலிருந்த மரக் கிரீடத்தைக் கழற்றச் சொன்னதும், டிரைவர் கேஷவ் காலிலிருந்த செருப்பைக் கழற்றினான். வெங்கடேஸ்வரன் இரண்டடி பின்வாங்கினார். நல்லவேளை, அடிப்பதற்கில்லை. கிரீடத்தில் கணபதி படம் இருந்தது. அவரைக் கும்பிடத்தான்.

"காத்து இதுல மோதுது கேஷவ். மோதினா டீசல் தண்டம்."

"நீ படிச்சவன் சாப். ஆனா கணபதி பாத்துட்டு இருக்காரு." புனேவின் போபோடியில் தமிழர்கள் நடுவே வளர்ந்ததால் கேஷவுக்குத் தமிழ் நன்றாக வரும், மரியாதை மட்டும் கொஞ்சம் முன்னே பின்னே வரும்.

புனே பக்கத்துச் சாகணில் நாற்பது லாரி வைத்திருக்கும் ரங்கராஜன், டீசல் செலவைக் குறைக்க வெங்கடேஸ்வரனை மூன்று மாதச் சோதனையில் எடுத்திருந்தார். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர், அந்த ஒரு எண்ணைத்தான் அவர் பார்ப்பார். இந்தப் பதினான்கு சக்கர லாரி மூன்றரை கொடுத்துக்கொண்டிருந்தது. நாலரை கொடுத்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் கோயம்புத்தூருக்கு ரயில்.

'சோதனை' என்ற சொல்லை மட்டும் வெங்கடேஸ்வரன் மனைவி சரசாவிடம் சொல்லவில்லை. அவளோ கோவையில் டீச்சர் வேலையை விட்டுவிட்டு, கிரைண்டரும் கையுமாகப் புனேவில் வந்து இறங்கிவிட்டாள்.

கிரீடம் இறங்கியது. குஞ்சலங்கள், கறுப்பு பொம்மை, எலுமிச்சம்பழம், மிளகாய் எல்லாம் இறங்கின. மைலேஜும் மூன்றே காலுக்கு இறங்கியது.

"ஏன் கேஷவ்?"

"எலுமிச்சை இல்லாம வேகமா போக பயமா இருக்கு சாப். ரெண்டாவது கியர்லயே போனேன்."

காற்று வழுக்கிக்கொண்டு போகட்டும் என்று கேபின் மேல் தகரத்தைச் சாய்த்து வைத்தார். அது படபடவென்று அடித்ததில் ஊர் நாயெல்லாம் பின்னால் ஓடி வந்தது. தகரத்தைப் பிடித்து நிறுத்த இரும்புச் சட்டம் போட்டார், எடை கூடியது. எடையைக் குறைக்க ஸ்டெப்னியை இறக்கினார். அன்றைக்கே ரஞ்சன்காவ் சாலையில் டயர் வெடித்தது. முன்பக்கக் கம்பி வலையை மூடிப் பார்த்தார். இன்ஜின் கொதித்தது. பிள்ளையாரை இறக்கிவிட்டு அவர் பிடித்ததெல்லாம் குரங்காகவே முடிந்தது.

மைலேஜ் மூன்று.

"நீங்க மைலேஜைக் கூட்ட வந்தேளா, கழிக்க வந்தேளா?" என்றார் ரங்கராஜன். "இன்னும் பதினஞ்சு நாள். அப்புறம் நமஸ்தே!"

மாலையில் சரசா கேட்டாள். "ஏனுங்க, பால்கனில கறிவேப்பிலை வெக்கட்டுங்களா? இனி இங்கதான இருக்கப்போறோம்."

வெங்கடேஸ்வரனுக்கு அழுகையே வந்துவிட்டது. "வை சரசா. தூக்கறதுக்குச் சுலபமா, சின்னத் தொட்டியாப் பாத்து வை."

கடைசி முயற்சியாக லாரியின் பின்புறம் மீன் வால்போல இரண்டு தகரம் பொருத்தினார். கேஷவ் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். பிறகு அவர் தோளைத் தட்டினான்.

"நீ ரொம்பக் கஷ்டத்துல இருக்கே சாப். கவலைப்படாதே. நான் பாத்துக்கறேன்."

அடுத்த வாரம் மைலேஜ் நான்கு! வெங்கடேஸ்வரன் மூன்று முறை வகுத்துப் பார்த்தார். அதற்கடுத்த வாரம் ஐந்து!

ரங்கராஜன் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "ஷாபாஷ்! உங்க வேலை பர்மனென்ட். நாளைக்கே நாப்பது லாரிக்கும் வால் வெச்சுடுங்கோ!"

"எல்லாம் அறிவியல்ங்க சார்," என்று வெங்கடேஸ்வரன் அடக்கமாகச் சொல்லப் பார்த்தார். அடக்கம் வரவில்லை. காற்று வாலைச் சுற்றி எப்படிப் போகிறது என்று பேப்பரில் அம்புக்குறி போட்டு விளக்க ஆரம்பித்தார்.

ஆபீசில் டீ கொடுக்கும் பாமா உள்ளே வந்தாள். அவளுக்கும் கேஷவின் போபோடிச் சந்துதான். டீயோடு ஆளுக்கு ஒரு மோதகம் வைத்தாள்.

"என்ன விசேஷம் பாமா?" என்றார் ரங்கராஜன்.

"அஷ்டவிநாயகர் பிரசாதம் சேட். எட்டுக் கோயிலும் நேத்தோட முடிஞ்சுது."

"பேஷ்! பஸ்ல போனேளா?"

"பஸ் எதுக்கு சேட்? சாமியை எறக்கின பாவம் இந்த சாபுக்கு ஒட்டக்கூடாதுன்னு, லோடு எறக்கினதும் காலி லாரில எங்க சந்து ஜனத்தையே ஏத்திக்கிட்டு கேஷவ் பையாதான் கோயில் கோயிலாச் சுத்தினாரு. லோடு இல்லாம வண்டி பூ மாதிரி பறந்துச்சு. அடுத்து பண்டரிபுரத்துக்கு எந்த லாரி சேட் அனுப்புறீங்க?"