முக்கண் சித்தரின் முழு உடல் பரிசோதனை

கோவிந்தாபுரத்தில் அந்த ஆடி மாதத்தில்தான் திடீரென்று எல்லோருக்கும் உடம்பு கெட்டது. அதுவரை மூட்டு வலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டும் இருமலுக்கு மிளகு கடித்துக்கொண்டும் சுகமாக இருந்தவர்கள்தான். முக்கண் சித்தர் வந்து இறங்கிய பிறகு, ஊரில் ஒருவருக்குக்கூட இதயம் ஒழுங்காக இல்லை.

கொல்லங்கோட்டிலிருந்து வரும் பஸ்ஸில் நிற்க இடமில்லை. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு மட்டும் முழு உடல் பரிசோதனை என்று சுவரெல்லாம் நோட்டீஸ். ரத்தம் எடுப்பதில்லை, வெறும் வயிற்றோடு வரவேண்டியதில்லை, ஊசியே கிடையாது. வயதானவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? வயிறு நிறைய இட்லி தின்றுவிட்டு வந்து வரிசையில் நின்றார்கள்.

பரிசோதனை இப்படி நடக்கும். மட்டை உரித்த தேங்காய் ஒன்றைச் சித்தர் எடுப்பார். மஞ்சள் பூசி, கண்களை மறைத்துக் குடுமியோடு இருக்கும் காய். அதை வந்தவரின் உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் உருட்டுவார். உடம்பிலுள்ள நோய் காய்க்குள் இறங்கிவிடும். பிறகு கல்லில் அடித்து உடைப்பார். உள்ளே தண்ணீர் சிவப்பாக இருந்தால் இதயக் கோளாறு. பாகு மாதிரி இனித்தால் சர்க்கரை. தெளிவாக இருந்தால் குறை இல்லை. ஆனால் அந்தப் பாக்கியம் லேசில் யாருக்கும் வாய்ப்பதில்லை. பூபதிராஜாவின் காயை உடைத்து வைத்த கொஞ்ச நேரத்தில் எறும்பு மொய்த்தது. லேப் ரிப்போர்ட்டில் என்றைக்காவது எறும்பு வந்திருக்கிறதா? ஊரே கன்னத்தில் போட்டுக்கொண்டது. தனக்குச் சர்க்கரை என்பதைப் பூபதிராஜா, மகனுக்கு வேலை கிடைத்த மாதிரி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

நோயைச் சொல்வதற்குச் சித்தர் ஒன்றும் வாங்கமாட்டார். பரிகாரத்துக்கு மட்டும் நூறு நல்ல காய் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். சேர்ந்த காய்களெல்லாம் சாயங்காலம் ஒரு மினி லாரியில் ஏறிப் போகும். எந்தக் கோயிலுக்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொள்ளாச்சியில் ஒரு கொப்பரை வியாபாரி பெயரைச் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

இவ்வளவும் நடந்த இடம் குப்பண்ணனின் தோப்புக் களம். கொப்பரை காயப்போடுகிற இடத்தைச் சித்தருக்குச் சும்மா விட்டிருந்தார். குப்பண்ணனுக்கு அறுபத்தெட்டு வயது. ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததில்லை என்பது அவருடைய பெருமை. பெருமைக்குப் பின்னால் ஒரு பயமும் இருந்தது. பங்காளி ஒருவர் கல்லுப்போல் இருந்தவர், மருமகள் பேச்சைக் கேட்டுச் செக்கப்புக்குப் போனார். ஏதோ கண்டுபிடித்தார்கள். ஆறே மாதத்தில் போய்ச் சேர்ந்தார். பார்த்ததால்தான் வந்தது, பார்க்காமல் இருந்தால் வந்திருக்காது என்று குப்பண்ணன் முடிவு கட்டிவிட்டார். ஆகவே ஹெல்த் சென்டரிலிருந்து டின்சி என்கிற மலையாளத்து நர்ஸ் வயதானவர்களுக்கு பிரஷர், சுகர் பார்க்கப் பையைத் தூக்கிக்கொண்டு வரும்போதெல்லாம் அவர் மோட்டார் ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார். யானையைக் கண்டால்கூட இப்படி ஓடுகிற ஆள் இல்லை.

சித்தர் முதல் நாளே குப்பண்ணன் மேல் காயை உருட்டினார். உடைத்தார். இளநீர் மாதிரித் தெளிந்த தண்ணீர். இருபத்தைந்து வயதுக் காளையின் இதயம் என்று சொன்னார். களத்துக்குச் சொந்தக்காரருக்கு வேறு எந்த இதயம் இருக்கும்? குப்பண்ணன் அந்த மூடியை மஞ்சள் துணியில் கட்டி வாசல்நிலையில் தொங்கவிட்டார். அன்றிலிருந்து சாப்பாட்டில் ஊறுகாயும் அப்பளமும் இரட்டிப்பாயின.

அவருடைய மனைவி கமலாத்தாளுக்கு விழுந்தது சிவப்பு. இதயத்தில் நிழல் இருப்பதாகவும் பெரிய வீடு என்பதால் இருநூறு காய் தேவைப்படும் என்றும் சித்தர் வருத்தத்தோடு தெரிவித்தார். கமலாத்தாள் அழவில்லை. காலையில் குடம் தூக்கி மாடியேறுகிற தனக்கு இதயத்தில் நிழல், வரப்பில் நாலு தப்படி நடந்தாலே மூச்சு வாங்குகிற இவருக்குக் காளை இதயமா என்று மட்டும் மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

பத்து நாள்கூட ஆகவில்லை. மோட்டார் போடப் போன குப்பண்ணனுக்குக் கண் இருட்டியது. தலையின் பின்பக்கம் இடி இடித்தது. தேங்காய்மட்டைக் குவியலின் மேல் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். சாணி அள்ள வந்த கமலாத்தாள் பார்த்துவிட்டாள். கேட்டுத் துருவியபோது, கொஞ்ச நாளாகவே விடிந்தால் தலைவலி என்பது தெரிந்தது. டின்சியைக் கூப்பிடலாம் என்றாள். காயே தெளிவாக வந்திருக்கிறதே என்று குப்பண்ணன் மறுத்தார்.

"கிறுகிறுப்பு உங்களுக்கு வருதுங்களா, தேங்காய்க்கு வருதுங்களா?" என்று கேட்டாள் கமலாத்தாள்.

குப்பண்ணன் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். வேண்டுமானால் சித்தரிடமே ஒரு வார்த்தை கேட்கலாம் என்று இறங்கி வந்தார்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. களம் நிறைந்த கூட்டம். குப்பண்ணன் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சித்தர் கண்ணை மூடினார். காளை இதயத்தின் மேல் பொறாமைக் கண் பட்டுவிட்டதாகவும், மறுபடி உருட்டிப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். அவருக்குப் பக்கத்தில் மூன்று கூடைகள் இருந்தன. சீடன் ஆனந்தகுமார் இடது கூடையை நோக்கிக் கை நீட்டினான். கமலாத்தாள் குறுக்கே வந்தாள்.

"ஏனுங்க சாமி, ஒரு சந்தேகமுங்க. உருட்டுனதுக்கப்பறந்தான நம்ம நோவு காய்க்குள்ள போகுது?"

ஆம் தாயே என்றார் சித்தர்.

"அப்படின்னா இன்னும் ஆரு மேலயும் உருளாத காய் சுத்தமா இருக்கோணுமல்லங்க? கூடையில இருந்து ஒண்ண எடுத்து உடச்சுப் பாத்துரலாமுங்களா?"

குப்பண்ணனுக்கு மானம் போயிற்று. சும்மா இரு என்று மனைவியின் முந்தானையை இழுத்தார். சித்தரின் முகத்தில் மட்டும் வேர்வை அரும்பியது. ஆனால் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர், சமாளித்தார்.

"உருளாத காய் கன்னிக்காய், தாயே. அதை உடைத்தால் குலத்துக்கு ஆகாது."

"நான் தெனமும் சட்டினிக்கு உடைக்கறனுங்க. ஆரு மேலயும் உருட்டறதில்லீங்க. எங்க குலம் நல்லாத்தான் இருக்குது."

எங்கோ பின்னால் ஒருத்தி சிரித்துவிட்டாள். சிரிப்பு வரிசையில் பரவியது. எல்லோருடைய பார்வையும் குப்பண்ணன் மேல் வந்து நின்றது. களம் அவருடையது, காய் உடைப்பதில் அந்த வட்டாரத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. சித்தருக்கு நல்ல பெயர் வாங்கிக்கொடுத்து மனைவியின் வாயை அடைக்க இதுதான் சமயம் என்று அவருக்குத் தோன்றியது. கொடுவாளை எடுத்தார். இடது கூடையிலிருந்து ஒரு காயைத் தூக்கி ஒரே போடு.

சிவப்பு.

கை தவறி வந்திருக்கும் என்று இன்னொன்றை எடுத்தார். தெளிவாக இருந்துவிடு என்று அந்தக் காயை மனதார வேண்டிக்கொண்டுதான் வெட்டினார். அதுவும் சிவப்பு. நடுக்கூடையில் ஒன்றை உடைத்தார். கை பிசுபிசுத்தது. நக்கிப் பார்த்த பூபதிராஜா, வெல்லப்பாகு என்றார். அவருடைய குரலில் சர்க்கரை போய்விடுமோ என்ற கவலை இருந்தது.

சித்தர் எழுந்து நின்றார். இனி வரப்போகிறவர்களின் நோயை முன்கூட்டியே அறிந்து வைத்துக்கொள்ளும் சக்தி இந்தக் காய்களுக்கு உண்டு என்று கணீரென்று அறிவித்தார். உடனே வரிசையில் நின்ற சாந்தம்மாள் கைகூப்பினாள். "அந்தச் செவப்பு என்னோடதாத்தான் இருக்குமுங்க சாமி. காத்தாலயிருந்தே நெஞ்சு கரிக்குது." காலையில் எட்டு மிளகாய் பஜ்ஜி தின்றதை அவள் சொல்லவில்லை. இன்னும் ரெண்டு பேர் மற்ற காய்களுக்கு உரிமை கோரினார்கள். ஆளில்லாத நோய்க்கு இத்தனை வாரிசுகளை வேறெங்கும் பார்க்க முடியாது.

குப்பண்ணன் அதையெல்லாம் கேட்கவில்லை. முதலில் உடைத்த சிவப்புக் காயின் மூடியை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறந்ததிலிருந்து தென்னையோடு கிடந்த மனிதர். இத்தனை நாளாகப் பக்தி கண்ணை மறைத்திருந்தது. இப்போது குடுமியைப் பிய்த்தார். மூன்று கண்களில் ஒன்றில் மெழுகு. நகத்தால் சுரண்டினார். ஊசி நுழைகிற துளை. முகர்ந்து பார்த்தார். கல்யாண வீட்டு வாசம் வந்தது.

"இது ரோஸ் மில்க்குங்க," என்றார்.

ஆனந்தகுமார் சித்தரின் ஆசனத்துக்கு அடியிலிருந்த பையை நைசாக உருவப் பார்த்தான். பையின் காது அறுந்தது. மாட்டுக்குப் போடுகிற பெரிய ஊசி ஒன்றும், ரோஸ் மில்க் எசன்ஸ் பாட்டிலும், உருகிய மெழுகுவர்த்தியும் களத்தில் உருண்டன. ஊசியே கிடையாது என்று நோட்டீஸில் போட்டது பொய்யில்லை. மனிதர்களுக்குக் கிடையாது, காய்களுக்கு உண்டு.

அதற்குப் பிறகு யாருக்கும் மூட்டு வலிக்கவில்லை. இதயம் பழுதான கிழவர்கள் சித்தரை விரட்டிய வேகத்தைப் பார்த்திருந்தால் எந்த டாக்டரும் சர்டிபிகேட் கொடுத்திருப்பார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சித்தர் வாய்க்காலைத் தாண்டியது மட்டும் அதிசயம் என்று சொல்லலாம். அவர் வாழ்நாளில் செய்த ஒரே அதிசயமும் அதுதான். சீடன் பிடிபட்டு, லாரி போகிற இடத்தைக் கக்கினான். இத்தனைக்கும் பிறகு ரெண்டு பெரியவர்கள் கமலாத்தாளிடம் வந்து, நன்றாகப் போய்க்கொண்டிருந்த காரியத்தைக் கெடுத்துவிட்டாயே என்று கோபித்துக்கொண்டார்கள்.

கூட்டம் கலைந்ததும் குப்பண்ணன் களத்து மேட்டில் தனியாக உட்கார்ந்திருந்தார். ஏமாந்த வெட்கத்தைவிட வேறொன்று அவரைக் குடைந்தது. சிவப்பு பொய் என்றால் தெளிவும் பொய்தானே. அப்படியானால் இந்தத் தலைவலி யாருடையது? கமலாத்தாள் கூப்பிடாமலே தானாக எழுந்து ஹெல்த் சென்டருக்கு நடந்தார்.

டின்சி பட்டையைக் கையில் சுற்றிக் காற்றடித்தாள். பார்த்தாள். கொஞ்ச நேரம் உட்காரவைத்து மறுபடி அடித்தாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. பிரஷர் இருநூறைத் தொட்டுக்கொண்டிருந்தது. உடனே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் மாத்திரை எழுதினார், ரத்தமும் எடுக்கச் சொன்னார். இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் ஒரு பக்கம் கை கால் விழுந்திருக்கும் என்றார். மோட்டார் ரூமுக்குள் ஒளிந்து தப்பித்துவந்த அந்த ஊசி குத்தியதே குப்பண்ணனுக்குத் தெரியவில்லை.

வெளியே வந்தவர் டின்சியிடம் மெதுவாகக் கேட்டார்: "பாக்காமயே இருந்திருந்தா இது வந்திருக்காதல்லம்மா?"

"பாக்காம இருந்தா, வந்தது தெரிஞ்சிருக்காது அச்சா," என்றாள் டின்சி. "வந்து ரொம்ப நாளாச்சு."

குப்பண்ணன் மாத்திரைச் சீட்டை மடித்து மடியில் செருகிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

மறு வாரம் ஊரில் வயதானவர்கள் எல்லோரும் வரிசையில் நின்றார்கள். இந்த முறை டின்சியின் மேசைக்கு முன்னால். கமலாத்தாளின் இதயம் கடிகாரம் மாதிரி ஓடியது. பூபதிராஜாவுக்குச் சர்க்கரை துளிகூட இல்லை. ரெண்டு நாள் மனசு சரியில்லாமல் கிடந்தார். தெளிந்த காய் வாங்கி நிம்மதியாக இருந்த வேறு ரெண்டு பேருக்குத்தான் சர்க்கரை எக்கச்சக்கமாக இருந்தது. குப்பண்ணன் ஊறுகாயை விட்டார். தலைவலி அவரை விட்டது.

முக்கண் சித்தர் இப்போது மலைப்பக்கம் எங்கோ பெயரை மாற்றிக்கொண்டு, பூசணிக்காயில் பரிசோதனை செய்வதாகக் கேள்வி. உங்கள் ஊருக்கும் வருவார். வந்தால் தலையை நீட்டுவதற்கு முன்னால், உருட்டாத காய் ஒன்றை வாங்கி நீங்களே வெட்டிப் பாருங்கள். உள்ளே நோய் இருந்தால் ஆளைப் பிடித்துக் கொடுக்கலாம். இல்லையென்றால் கூட்டு வைக்கலாம். யோசிக்கிறவனுக்கு ரெண்டு வகையிலும் நஷ்டமில்லை.