குடை சொன்ன பத்தியம்

இன்று மீன் தின்றே தீருவது என்று மரியான் சபதம் எடுத்தான். எடுத்தது மனதுக்குள்தான். வாய்விட்டு எடுத்தால் பெண்டாட்டி வியாகுலம்மாள் காதில் விழுந்துவிடும்.

இரையுமன்துறைக்காரன் மீன் தின்னச் சபதம் எடுக்க வேண்டுமா என்று கேட்பீர்கள். என்ன செய்வது, மரியானுக்குப் பல வருஷமாகக் கிராணிக் கழிச்சல். அவன் வயிற்றை ஆண்டது அவனல்ல, ஆற்றுக்கு அக்கரையில் தேங்காய்ப்பட்டணத்தில் இருந்த ராஜையன் வைத்தியர். அவர் சொன்னால் கஞ்சி, அவர் சொன்னால் மோர். அதையே வியாகுலம்மாள் சொன்னால், “நீ என்ன வைத்தியனா?” என்பான்.

அந்த வருஷம் பார்த்து வாந்திபேதி வந்து தொலைந்தது. ஆறு கடத்திவிடும் கடத்துவள்ளத்தை நிறுத்திவிட்டார்கள். சேர்ந்தாற்போல் இரண்டு தடவை கடற்கரைக்கு ஓடுகிறவனைப் பேதிக்காரன் என்று பிடித்து, ஊருக்கு வெளியே ஓலைக் கொட்டகையில் போட்டார்கள். போனவர்களில் திரும்பி வந்தவர்கள் குறைவு. மரியானோ நல்ல நாளிலேயே அதற்கு மேல் ஓடுகிறவன். வயிற்றுச் சமாசாரத்தை ஆற்றைத் தாண்டிக் கூவிச் சொல்லவும் வழியில்லை, ஆள் பிடிக்கிற சுகாதார மேஸ்திரிக்கும் காது இருக்கிறதே!

ஆகவே கடத்து நின்ற அன்று வியாகுலம்மாள் அவசரமாக அக்கரை போய், வைத்தியரிடம் ஓர் ஏற்பாடு செய்துவிட்டுக் கடைசி வள்ளத்தில் திரும்பினாள். சனிக்கிழமைதோறும் பூசை முடிந்ததும் அவள் பாறைமேல் துணி காட்டுவாள். வெள்ளை என்றால் வயிறு கட்டியிருக்கிறது. சிவப்பு என்றால் ஓடுகிறது. அக்கரையில் வைத்தியர் குடையை மடக்கித் தூக்கினால் கஞ்சி. விரித்தால் மீன்.

குடை ஒருநாளும் விரியவில்லை.

“ஏட்டி, நீ என்ன துணி காட்டுத?”

“வெள்ளைதான்.”

“பின்னே குடை ஏன் விரிய மாட்டேங்கு?”

“குடைக்கிட்ட கேளும்.”

“நீ செவப்பைக் காட்டியிருப்ப. எனக்க வயித்துக்கு நானே காட்டுதேன்.”

“காட்டும். உடுத்திருக்க வேட்டியை அவுத்துக் காட்டிராதேயும். துண்டு கொண்டு போவும்.”

இவ்வளவு லேசில் அவள் விட்டுக்கொடுத்ததே அவனுக்குச் சந்தேகம் தந்திருக்க வேண்டும். தரவில்லை.

மரியான் பாறைமேல் ஏறி வெள்ளைத் துண்டை வீசினான். அக்கரையில் கடுகளவு ஆள், கையில் மடக்கிய குடை. கஞ்சி. இன்னும் உயர வீசினான். கஞ்சி. உடம்பு எவ்வளவு திடம் என்று காட்ட எம்பிக் குதித்தான். துண்டைத் தலைக்கு மேல் சுழற்றினான். கடைசியில் குட்டிக்கரணமும் போட்டான்.

இதைக் கரையில் நின்று வலை இழுக்கும் கரைமடிக்காரர்கள் பார்த்தார்கள். பாறையில் நின்று ஒருவன் துணி வீசினால் மீன்கூட்டம் வருகிறது, வலையை வளை என்று அர்த்தம். குதித்தால் பெருங்கூட்டம். குட்டிக்கரணத்துக்கு அர்த்தம் யாருக்கும் தெரியாது, ஆனாலும் சும்மா போடுவானா? வள்ளம் பாய்ந்தது. பதறிப்போன மரியான் நிறுத்தச் சொல்லித் துண்டை வீச, அவர்கள் இன்னும் வேகமாக வளைத்தார்கள்.

வலையின் மடி கொள்ளாமல் அயிலை மீன் வந்தது! “கண்ணுன்னா மரியானுக்க கண்ணு!” என்று கரையே அவனைத் தூக்கி வைத்து ஆடியது. ஓர் ஓலைப்பெட்டி நிறைய அயிலையை அவன் கையில் திணித்தார்கள். அந்த நேரம் பார்த்து அக்கரைக் குடை படாரென்று விரிந்தது.

மரியான் வீட்டுக்கு ஓடினான். அன்றுதான் வயிற்றுக்குப் பயந்து ஓடாமல் வயிற்றை நம்பி ஓடினான்.

“விரிஞ்சுட்டுட்டி! வைத்தியரு விரிச்சிட்டாரு! வையி கொழம்பை!”

வியாகுலம்மாள் தேங்காய் அரைத்துக் குழம்பு வைத்தாள். வாசனையிலேயே அவனுக்குக் கண் கலங்கியது. சட்டியை இறக்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டு, அவன் முன்னால் கஞ்சியை நகர்த்தினாள்.

“என்னட்டி இது?”

“வைத்தியரு கடத்து நின்ன அன்னைக்கே தோவாளைக்கு, மக வீட்டுக்குப் போயிட்டாரு. கஞ்சியும் மோரும் தவிர ஒண்ணும் குடுக்காதேன்னு சொல்லிட்டு, குடையை எங்க அண்ணன் சிலுவைகிட்ட குடுத்துட்டுப் போனாரு. அண்ணன்தான் அக்கரையில மாட்டிக்கிட்டுக் கெடக்கானே. இத்தனை நாளும் அங்க நிக்கது அவன்தான்.”

“சிலுவையா? அவன் எதுக்கு இன்னைக்கு விரிச்சான்?”

“அம்புட்டு மீனைக் கண்டா அண்ணன் வாயையே விரிப்பான். குடை எம்மாத்திரம்?”

“அப்ப என்னை ஏமாத்தினியா?”

“நான் சொன்னா கேப்பீரா? குடை சொன்னாத்தான் கேப்பீரு. கேட்டதுனாலதான் கொட்டகைக்குப் போவாம எனக்க முன்னால இருக்கீரு.” அவள் எத்தனையோ நாள் பயந்து கிடந்திருக்கிறாள்.

மரியானுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. வைத்தியரே இல்லையென்றால் பத்தியம் ஏது? பாய்ந்து சட்டியைத் தன் பக்கம் இழுத்தான்.

“தின்னும். நான் தடுக்கல்லே,” என்றாள். “ஓட்டம் எடுத்தா மட்டும் தெக்குப் பக்கமா ஓடும். வடக்கே மேஸ்திரி உக்காந்திருக்கான்.”

அயிலைத் துண்டு வாய்வரை போனது. கண் ஒருதரம் வடக்கே போய் வந்தது. துண்டு சட்டிக்கே திரும்பியது.

“கஞ்சியில உப்பு போட்டியாட்டி?” என்றான் மரியான்.